எண்ணெய்க் கழிவை யார் அள்ளுவது?

கடல் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் ஏறி அரை நாள் போக வேண்டும். சேலம் மாவட்டம், தம்மம்பட்டி. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, நடுவில் சுவேத நதி. மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர். எண்ணெய்க் கிணறு கிடையாது, சுத்திகரிப்பு ஆலை கிடையாது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் எண்ணெய்க் கழிவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நண்பர்களே.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் பக்கத்து பங்க்கில் டிராக்டருக்கும் லாரிக்கும் ஊற்றும் டீசல் எங்கிருந்து வருகிறது? சென்னை மணலியில் இருந்து திருச்சி, மதுரை வரைக்கும் பூமிக்கு அடியில் ஒரு குழாய் போகிறது. அதில் ஒரு கிளை சங்ககிரிக்கு வருகிறது. அங்கே இந்தியன் ஆயிலின் கிடங்கு இருக்கிறது. அங்கிருந்து டேங்கர் லாரிகள் நான்கு பக்கமும் கிளம்புகின்றன. ஆக, சேலம் நாமக்கல் பக்கம் ஓடும் வண்டிகளில் பலவற்றின் வயிற்றில் இருப்பது மணலிச் சரக்கு. அந்த டீசலைக் காய்ச்சி எடுத்தபோது மிஞ்சிய அழுக்குத் தண்ணீர் மட்டும் நம் ஊருக்கு வருவதில்லை. அது எண்ணூர்க்காரர்களுக்கு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 3, 4 தேதிகளில் சென்னையில் கொட்டிய மழை பற்றி எல்லா டி.வி.யிலும் காட்டினார்கள். வேளச்சேரியில் கார் மிதந்ததை நாடே பார்த்தது. அதே நேரத்தில் வடசென்னையில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சி.பி.சி.எல்.) ஆலைப் பகுதியில் இருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர், நண்டு, கூழைக்கடா எல்லாவற்றிலும் தார் மாதிரி அப்பிக் கொண்டது.

ஆலைக்குள் குழாய் எதுவும் உடையவில்லை, வெள்ளம்தான் அடித்துக்கொண்டு போனது என்பது நிறுவனத்தின் தரப்பு. ஆலையின் மழைநீர் மேலாண்மை போதவில்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இதெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. என் மனதில் நிற்பது வேறு. அந்த எண்ணெயை அள்ளியது யார்? மீனவர்கள். எதை வைத்து? மக், வாளி, டிரம். மிதவைத் தடுப்பும் எண்ணெய் உறிஞ்சும் எந்திரமும் வருவதற்கு முன்னால், வந்த பிறகும்கூட, சொந்தப் படகில் போய்க் கையால் மொண்டு ஊற்றினார்கள். பலருக்கு ஒழுங்கான கையுறைகூட இல்லை.

இது முதல் தடவையாக இருந்தால்கூட மன்னிக்கலாம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் இதே எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பலில் இருந்த எண்ணெய் கடலில் கொட்டிக் கரை ஒதுங்கியது. அப்போதும் பிளாஸ்டிக் வாளிதான். மாணவர்கள், மீனவர்கள், கடலோரக் காவல்படை என்று வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிய படங்களைப் பார்த்து நாடே சிரித்தது. சிரித்துவிட்டு மறந்துவிட்டது. கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்து அதே இடம், அதே ஜனங்கள், வாளிக்குப் பதில் மக். முன்னேற்றம் என்றால் இதுதான் போலிருக்கிறது!

சரி, எண்ணெய் கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்வது அவ்வளவு கஷ்டமா? பாதி சுலபம், பாதி கஷ்டம்.

ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் மிதக்கிறது அல்லவா, அதுதான் சுலபமான பாதி. சுத்திகரிப்பு ஆலைகளில் நீளமான தொட்டி ஒன்று கட்டியிருப்பார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த வடிவம் என்பதால் ஏ.பி.ஐ. பிரிப்பான் என்று பெயர். தண்ணீரை மெதுவாக விட்டால் ஓரளவு பெரிய எண்ணெய்த் துளிகள், அதாவது 150 மைக்ரானுக்கு மேற்பட்டவை, தானாக மேலே வந்துவிடும். மேலே வருவதை வழித்து எடுக்கிறார்கள். மண்ணும் கசடும் அடியில் தங்கும். இதில் ரசாயனமும் இல்லை, மாயமும் இல்லை. தண்ணீர் அவசரப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கஷ்டமான பாதி அடுத்து வருகிறது. எண்ணெய்ப் பாத்திரத்தை சோப்புப் போட்டுக் கழுவிய தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, பால் மாதிரி. எண்ணெய் அதில்தான் இருக்கிறது, ஆனால் மிதக்காது. ஆலைக் கழிவுநீரிலும் இப்படித்தான். சிறு துளிகளைப் பிடிக்க ரசாயனம் போட்டுத் திரட்டி, நுண்ணிய காற்றுக் குமிழிகளை அடியில் இருந்து விட்டு, குமிழியோடு ஒட்டவைத்து மேலே தூக்குகிறார்கள். அதிலும் தப்புவது தண்ணீரிலேயே கரைந்துவிட்ட பென்சீன், டொலுவீன், பீனால் வகையறா. கண்ணுக்குத் தெரியாது. அதை நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டுத் தின்ன வைக்க வேண்டும். கடைசியில் மணல், கரி வடிகட்டிகள். நம் நாட்டில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008ல் திருத்திய விதிப்படி வெளியே விடும் தண்ணீரில் எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பீனால் 0.35 மில்லிகிராம். எழுத்தளவில் கண்டிப்பான விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். மணலி ஆலை 1969ல் ஓட ஆரம்பித்தது. அன்றைய பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தால் 1990களின் தொடக்கத்திலேயே நகரத்தின் சாக்கடைத் தண்ணீரை வாங்கி, சுத்திகரித்து, தன் எந்திரங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. ஊரார் கழிவை பாய்லருக்கு ஊற்றும் அளவுக்குச் சுத்தம் செய்யத் தெரிந்த நிறுவனம் அது. எனவே தொழில்நுட்பம் இல்லை, ஆள் இல்லை, அறிவு இல்லை என்ற சாக்குகள் எடுபடாது.

அப்புறம் ஏன் இப்படி ஆகிறது? என் கருத்தில் சிக்கல் சுத்திகரிப்பில் இல்லை, மழையில் இருக்கிறது.

ஆலைக்குள் இரண்டு விதமான வாய்க்கால்கள் இருக்கும். எண்ணெய்த் தண்ணீருக்கு ஒன்று, மழைத் தண்ணீருக்கு ஒன்று. முதலாவது சுத்திகரிப்புக்குப் போகும். இரண்டாவது நேராக வெளியே போகும், ஏனென்றால் மழைத் தண்ணீர் சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் அந்த மழை விழுவது எங்கே? டேங்க், பம்ப், வால்வு, லாரி நிற்கும் இடம் இவற்றின் மேல். ஆறு மாதமாகச் சொட்டிச் சொட்டித் தரையில் படிந்த எண்ணெயை முதல் மழை கழுவிக்கொண்டு போகும். மழை பலத்துவிட்டால் இரண்டு வாய்க்காலும் ஒன்றாகிவிடும். ஏ.பி.ஐ. தொட்டியில் தண்ணீர் நிதானமாகப் போக வேண்டும் என்று மேலே சொன்னேனே, அங்கே வெள்ளம் புகுந்தால் என்ன ஆகும்? மாதக்கணக்கில் பிரித்து வைத்த எண்ணெயும் சேர்ந்து கிளம்பும்.

ஆகவே பேரிடர் நாளில் வெளியே போகும் மழைநீரையும் கழிவுநீராகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பேன். அதற்குத் தேவை பெரிய தேக்கக் குளங்கள். வருடத்தில் 360 நாள் காலியாகக் கிடக்கும் குளங்கள். கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு அது வீண் இடமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து ஏரிகளைப் பாருங்கள். ஏரி கட்டியவர்கள் கரையை மட்டும் கட்டவில்லை, கலிங்கும் கட்டினார்கள். நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், யார் வயலில் பாயும் என்று முன்கூட்டியே யோசித்தார்கள். ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்சக்கூடிய ஆலை அதை யோசிக்க வேண்டாமா? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அதற்குப் பிறகுமா 2023ன் மழையை எதிர்பாராதது என்று சொல்வது?

இந்த இடத்தில் பாக்டீரியா ரசிகர்கள் வருவார்கள். "எண்ணெயைத் தின்னும் கிருமி இருக்கிறதே, தூவிவிட்டால் போச்சு!" என்பார்கள். எங்கள் வகுப்பில்கூட ஒவ்வொரு செமினாரிலும் யாராவது ஒருவர் இதைப் பேசிக் கைதட்டல் வாங்குவார்கள். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கச்சா எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைச் சிதைக்கும் மரபணுத் துண்டுகளை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. உலகப் புகழ் பெற்ற வழக்கு. ஆனால் அந்தப் பாக்டீரியா எந்த உண்மையான எண்ணெய்க் கசிவிலும் பயன்படுத்தப்படவே இல்லை. இதை செமினாரில் யாரும் சொல்வதில்லை.

நடைமுறைக்கு வந்தது இன்னொன்று. டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் இயற்கையில் கிடைத்த பாக்டீரியாக்களைச் சேர்த்து ஆயில்ஜாப்பர் என்ற கலவையைச் செய்தது. அந்தப் பாக்டீரியாவை எதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மக்காச்சோளக் கதிரின் சக்கையை அரைத்த தூளில்! ஆத்தூர், கெங்கவல்லி பக்கம் மக்காச்சோளம் அடித்த பிறகு அந்தச் சக்கையை அடுப்புக்கு வைத்துக்கொள்வோம், அல்லது வயல் ஓரத்தில் குவித்துக் கொளுத்துவோம். ஆயில்ஜாப்பர் எண்ணெய் நிறுவனங்களின் கசடுக் குழிகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதற்கென்றே ஓ.என்.ஜி.சி.யும் டெரியும் சேர்ந்து தனி நிறுவனம் நடத்துகின்றன.

ஆனால் கவனியுங்கள், கசடுக் குழி. ஒரு இடத்தில் சேர்த்து வைத்து, காற்றுப் படும்படி உழுது, தழைச்சத்தும் மணிச்சத்தும் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தால் பாக்டீரியா வேலை செய்யும். கிட்டத்தட்ட விவசாயம் மாதிரி. 1989ல் அலாஸ்காவில் எக்சான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய்க்கும் கரையில் உரம்தான் தெளித்தார்கள், அங்கேயே இருந்த கிருமிகள் பெருகட்டும் என்று. எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் காற்று கிடையாது. அலை தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். எண்ணெயில் உள்ள தார் பகுதியைப் பாக்டீரியா சீக்கிரத்தில் தொடாது. 2017ல்கூட முதலில் கையால் அள்ளிக் கரைக்குக் கொண்டு வந்த பிறகுதான் அந்தக் கசடுக்குப் பாக்டீரியா வைத்தியம் நடந்தது. அள்ளாமல் எதுவும் ஆகாது. அள்ளுவது யார் என்ற கேள்விக்குத்தான் மறுபடி வந்து நிற்கிறோம்.

எங்கள் பகுதியிலேயே இதற்கு ஒப்பிட ஒரு உதாரணம் உண்டு. சேகோ ஃபேக்டரி. சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் ஏராளம். அந்தத் தண்ணீரின் நாற்றம் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. கிணறு கெட்டது, சண்டை நடந்தது, வாரியம் நோட்டீஸ் விட்டது. பிறகு பல ஆலைகள் கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு எடுத்து, அதையே ஆலைக்குப் பயன்படுத்த ஆரம்பித்தன. மாவுச்சத்து கிருமிக்கு விருந்து. சில நாளில் தின்றுவிடும், பதிலுக்குக் காசாகும் வாயுவும் கொடுக்கும். எண்ணெய்க் கழிவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுத்தம் செய்தால் செலவு மட்டும்தான், வரவு குறைவு. வரவு இல்லாத வேலையை முதலாளி தானாகச் செய்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது, அது அரசு நிறுவனமாகவே இருந்தாலும்.

செலவைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க கனடாவுக்குப் போக வேண்டும் (நெட்டில்தான், டிக்கெட்டுக்கு எங்கே போக!). அல்பெர்ட்டா மாகாணத்தில் எண்ணெய் குழாயில் பீறிட்டு வருவதில்லை. மணலோடு தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் மணல் என்கிறார்கள். காட்டை வெட்டி, மண்ணைத் தோண்டி, சுடுதண்ணீரில் கலக்கி எண்ணெயைப் பிரிக்க வேண்டும். ஒரு பீப்பாய்க்குச் சுமார் இரண்டு டன் மணல். பிரித்த பிறகு மிஞ்சும் சேற்றுத் தண்ணீரைப் பெரிய குளங்களில் தேக்குகிறார்கள். அதில் உள்ள நுண்ணிய களிமண் தானாகப் படிய பல பத்தாண்டுகள் ஆகும். நாப்தெனிக் அமிலங்கள் என்ற பொருட்கள் மீனைக் கொல்லும். மீன்வளச் சட்டப்படி அந்தத் தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது. விடவும் முடியாது, முழுதாகச் சுத்தம் செய்யவும் இல்லை. 1960களில் இருந்து தேங்கிக்கொண்டே போகிறது.

எவ்வளவு என்கிறீர்கள்? 1.3 லட்சம் கோடி லிட்டருக்கு மேல். இந்த எண் யாருக்கும் மண்டையில் ஏறாது, எனக்கும் ஏறவில்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதில் கிட்டத்தட்ட பாதி! மேட்டூர் அணை பாதி நிரம்ப எண்ணெய்ச் சேறு நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

2008 ஏப்ரலில் சின்க்ரூட் நிறுவனத்தின் குளம் ஒன்றில் ஏரி என்று நினைத்து வாத்துகள் இறங்கின. முதலில் 500 என்றார்கள், கடைசியில் எண்ணியபோது 1,600க்கு மேல் செத்திருந்தன. 30 லட்சம் டாலர் தண்டனை. இம்பீரியல் ஆயிலின் கெர்ல் சுரங்கத்தில் 2022 மேயில் கசிவு தெரிய வந்தது. கீழே ஆற்றோரம் வாழும் அத்தபாஸ்கா சிப்பேவியன், மிகிசு கிரீ பழங்குடி மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒன்பது மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில் 53 லட்சம் லிட்டர் தனியாகக் கொட்டிய பிறகுதான் சொன்னார்கள். அந்த மக்கள் மீன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பணக்கார நாடு, கடுமையான சட்டம், நல்ல பல்கலைக்கழகங்கள் எல்லாம் இருக்கும் இடத்தின் கதை இது.

அங்கே எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு தணிக்கைக் கணக்கு. சுரங்கம் மூடிய பிறகு நிலத்தைச் சீர்செய்ய ஆகும் செலவுக்கு நிறுவனங்கள் அரசிடம் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். 2015ல் அல்பெர்ட்டாவின் தலைமைத் தணிக்கையாளர் பார்த்தபோது மதிப்பிட்ட செலவு 2,080 கோடி டாலர். கையில் இருந்த ஈடு 157 கோடி டாலர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! நம் ஊரில் வீட்டுக்கு வாடகைக்குப் போனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சுவரில் ஆணி அடித்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். ஒரு ஆற்றையே பயன்படுத்துகிறவர்களிடம் அட்வான்ஸ் வாங்க அரசாங்கங்களுக்கு ஏன் இவ்வளவு கூச்சம்?

இதைத்தான் எண்ணூருக்கும் கேட்கிறேன். 2023ல் மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500 நிவாரணம், படகுக்கு ரூ.10,000 என்று அரசு அறிவித்தது. அதுவும் அலைக்கழித்துத்தான். கையில் ஒட்டிய எண்ணெய் போகவே மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும், வலை போனால் போனதுதான், சந்தையில் "எண்ணூர் மீனா?" என்று ஆள் விலகிப் போவான். இந்தக் கணக்கெல்லாம் விபத்துக்குப் பின் பேரம் பேசுவதாக இருக்கக் கூடாது. ஆலையிடம் முன்பணமாக வாங்கி ஒரு நிதியில் போட்டிருந்தால், கசிந்த அன்றைக்கே மிதவைத் தடுப்பு, உறிஞ்சும் எந்திரம், கையுறை, கூலி எல்லாம் அதில் இருந்து வந்திருக்கும். மீனவர்களுக்கே பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, கருவிகளை அவர்கள் குப்பத்திலேயே வைக்கலாம். அந்த முகத்துவாரத்தில் ஓதம் எப்போது ஏறும், எண்ணெய் எந்த மூலையில் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தெரிகிற மாதிரி மும்பையில் இருந்து வரும் எந்த கம்பெனிக்கும் தெரியாது.

"பெட்ரோல் டீசலையே நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே, சுத்திகரிப்பு பற்றிப் பேசுவதே அந்தத் தொழிலுக்கு நற்சான்றிதழ் கொடுப்பது" என்று என் நண்பன் ஒருவன் வாதாடுவான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காவிரிப் படுகையில் அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். 2017 ஜூன் 30ல் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் ஓடியது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடலில் இன்னொரு குழாய். "வேண்டவே வேண்டாம்" என்று மக்கள் சொன்னதால்தான் 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. ஆனாலும் நண்பனுக்கு என் பதில் தண்டையார்பேட்டைதான். 2013ல் அங்கே வீட்டு போர் தண்ணீரில் பெட்ரோலிய வாடை அடித்தது. பூமிக்கு அடியில் பாரத் பெட்ரோலியத்தின் குழாய் கசிந்திருந்தது. குழாயை அடைப்பது சீக்கிரம் முடிந்துவிடும். மண்ணுக்குள் போன எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நாளைக்கே உலகம் முழுக்க மின்சார வண்டி வந்தாலும் இதுவரை மண்ணில் இறங்கியது இருக்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்தை மூடினாலும் அதன் சாம்பல் இருக்கும். சுத்தம் செய்யும் வேலை எரிபொருளைவிட நீண்ட ஆயுள் உள்ளது.

சரி, இப்போது நம் பக்கம். நாமக்கல் என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி, சங்ககிரி என்றால் லாரிப் பட்டறை. ஒரு லாரிக்கு ஆயில் மாற்றினால் பதினைந்து லிட்டருக்கு மேல் பழைய ஆயில் இறங்கும். எத்தனை லாரி, வருடத்துக்கு எத்தனை தடவை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கேலன் பழைய எஞ்சின் ஆயில் பத்து லட்சம் கேலன் குடிநீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் மண், கிரீஸ், டீசல் எல்லாம் சேர்ந்து ஓடும் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகிறது. இதற்கு வாசலில் மூன்று அறை வைத்த சின்னத் தொட்டி போதும். மேலே சொன்ன ஏ.பி.ஐ. பிரிப்பானின் குட்டித் தம்பி. கொத்தனார் ஒரு வாரத்தில் கட்டிவிடுவார். ஒரு சில இடங்களில் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அள்ளாமல் விட்டதால் கசடு நிரம்பித் தண்ணீர் மேலேயே வழிகிறது.

ஓடைக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். எங்கள் சுவேத நதி கொல்லிமலையில் பிறந்து, தம்மம்பட்டி, கெங்கவல்லி வழியாகப் போய், வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆக, எங்களுக்கும் ஒரு முகத்துவாரம் இருக்கிறது. கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

விடுமுறைக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சென்ட்ரிங் காரங்க வாங்கிட்டுப் போவாங்க தம்பி, பலகைல தடவ. மிச்சத்தை மரத்துக்கு அடிப்பாங்க, கரையான் வராது. செங்கச் சூளைக்கும் போவும்."

"அதை ரீசைக்கிள் பண்றவங்களுக்குத்தானே அண்ணா கொடுக்கணும்? சட்டம் இருக்கே."

"சட்டம் இருக்கும் தம்பி. அவன் வண்டி எங்க இருக்குது? எனக்கு மாசம் ஒரு கேன் சேரும். ஒரு கேனுக்காக சேலத்துல இருந்து எவன் வருவான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பழைய ஆயில் அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும் என்று 2016ன் விதிகள் சொல்கின்றன. 2024 ஏப்ரல் முதல் புது ஆயில் தயாரித்து விற்கும் கம்பெனிகளே பழைய ஆயிலை மறுசுழற்சி செய்யப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. சிறிய இலக்கில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு கூடும். அந்த இலக்கை நாமக்கல், சேலம் மாதிரி பெரிய ஊர்ப் பட்டறைகளிலேயே கம்பெனிகள் முடித்துக்கொள்ளும், தம்மம்பட்டி மாதிரி பேரூராட்சிக்கு வண்டி வராது என்பது என் சந்தேகம். வர வேண்டும் என்றால் ஊரில் உள்ள பட்டறைகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து பட்டறை சேர்ந்தால் இரண்டு மாதத்தில் சில டிரம் நிரம்பும், அப்போது எடுக்க ஆள் வருவான், லிட்டருக்குச் சென்ட்ரிங்காரர் கொடுப்பதைவிட ஐந்து ரூபாய் கூடவும் கேட்கலாம். மெக்கானிக் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டே ஸ்பேனரைத் துடைத்தார். "டிரம் எங்க வைக்கறது?" என்றார். கூரை போட்ட, தரை பூசிய, மழைத் தண்ணீர் ஏறாத இடமாக இருக்க வேண்டும் என்றேன். பேரூராட்சியில் மனு கொடுத்தால் சந்தை மேட்டுப் பக்கம் இடம் கேட்கலாம் என்று அவரே சொன்னார். மனுவை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எட்டுப் பட்டறைக்காரர்கள் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். இன்னும் நாலைந்து பேரைப் பார்க்க வேண்டும்.